ஓடைக்கரைப் பல்

தம்பி, காலக் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க. சாக்கு மேல படுது. கோவிச்சுக்காதீங்க. ஒடையற சாமான்லாம் ஒண்ணும் இல்ல, மண்ணுதான். வெறும் மண்ணு. கண்டக்டர் கேட்டாரே, கேட்டுச்சா ஒங்களுக்கு? 'என்னா பெருசு, மாடு கன்னு போட்டுச்சா? இளங்கொடிய சாக்குல கட்டியாறியே, அதத் தொங்கவிட அரியலூர்ல ஆலமரமே இல்லியா, திருச்சி ஆலமரம்தான் வேணுமா?'ன்னாரு. பஸ்ஸே சிரிச்சிச்சு. நானும் சிரிச்சு வச்சேன். வேற என்னாத்தப் பண்றது? மண்ணுக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்குன ஆளு நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

நீங்க திருச்சி வரைக்கும்தானே? மருந்து கம்பெனியா? பையப் பாத்தாலே தெரியுது. நல்லதுங்க. பேச்சுத் தொணை இல்லாம ஒக்காந்தா எனக்கு நெஞ்சு அடைக்குது, அதான்.

எம் பேரு கலியமூர்த்தி. மைக்செட் கலியமூர்த்தின்னா எங்க சுத்துவட்டாரத்துல தெரியாதவங்க கெடையாது. கோயில் திருழா, காதுகுத்து, மஞ்சத்தண்ணி, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் நம்ம கொழாய் ஸ்பீக்கர்தான். கொழாய் கட்டுறது மட்டும் இல்லீங்க, அறிவிப்பும் நாந்தான். ஒரு மாட்டுக் கொட்டாய்க்கிப் பால் காச்சினாக்கூட, நான் மைக்கப் புடிச்சன்னா அரமனை கட்டுன மாதிரி பேசிப்புடுவேன். அதுக்குத்தான் என்னய கூப்புடுறதே. உள்ளத உள்ளபடி சொல்றதுக்கு மைக்கு எதுக்கு, வாயே போதுமே.

இப்ப நான் மைக்கத் தொடுறதில்ல. கொழாயெல்லாம் பரண்ல கெடக்குது.

எம்மவ வளர்மதி. ஒரே பொண்ணு. திருச்சியில ஒரு காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணுறா. டாக்டர் பட்டத்துக்கு. ஊசி போடுற டாக்டர் இல்லீங்க, நீங்க கெளம்பிடாதீங்க மாத்திரைய எடுத்துக்கிட்டு. மண்ணுக்குள்ள கெடக்குற பழைய எலும்ப வச்சு ஆராய்ச்சி பண்ணுறது. எங்க பக்கம்தான் தெரியுமே ஒங்களுக்கு, ஒரு காலத்துல கடலா இருந்த பூமி. சுண்ணாம்புக் கல்லு வெட்டுற எடத்துல சங்கும் சிப்பியும் கல்லாப் போயிக் கெடக்கும். சின்ன வயசுல நாங்கள்லாம் அத வச்சுத்தான் வெளையாடுவோம்.

எம்மவ எத ஆராய்ச்சி பண்ணுறா தெரியுமா? சொல்லவே எனக்கு ஒரு மாதிரியா இருக்கும் அப்பல்லாம். பல்லு. எலிப் பல்லு மாதிரி ஒரு பல்லு. கேவுரு மணி பாத்திருக்கீங்கல்ல? அந்தத் தண்டி. அத எடுக்கறதுக்கு அவ படுற பாட்டப் பாத்தா ஒங்களுக்கே கண்ணுல தண்ணி வந்துரும். ஓடைக்கரையில களிமண்ணத் தோண்டி, சாக்குச் சாக்கா எங்க வீட்டுக்குக் கொண்டாந்து, வெயில்ல காயப் போட்டு, மண்ணெண்ணெயில ஊற வச்சு, அப்புறம் ட்ரம்முல தண்ணி ஊத்திக் கரைச்சு, சல்லடையில அலசி, மிஞ்சுன பொடிய மறுபடி காய வச்சு, பூதக் கண்ணாடிக்கிக் கீழ கொட்டி, ஈரத் தூரிகையால ஒவ்வொரு பொடியாத் தள்ளித் தள்ளிப் பாப்பா. ஒரு சாக்கு மண்ணு கடைசியில ஒரு கைப்புடி ஆவும். அதுலயும் ஒண்ணுமிருக்காது. வீடு பூரா மண்ணெண்ணெ நாத்தம். எங்க வீட்டம்மா சோத்துல கூட அடிக்கிதும்பா, ஆனா மவளுக்கு முட்டுக்கட்டை போட்டதில்ல.

ஒரு நா சாயங்காலம், 'ப்பா!'ன்னு கத்துனா பாருங்க, நான் பாம்பு கீம்புன்னு கம்ப எடுத்துக்கிட்டு ஓடுனேன். தூரிகை மொனையில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பல்லு. கறுப்பா. எனக்கு ஒண்ணும் தெரியல. கண்ணாடிக்குள்ள பாக்கச் சொன்னா. பாத்தா, ஆத்தாடி, மூணு கூம்பு, அதுக்குப் பக்கத்துல ஒரு குழி. 'இந்தக் குழி ஒரலுப்பா, மேல் பல்லு ஒலக்க மாதிரி இதுல எறங்கும், பூச்சியக் கடிச்சு அரைக்கறதுக்கு'ன்னா. எலி மாதிரிச் சின்னதா ஒரு சீவனாம். டைனோசர் தெருவுல நடந்த காலத்துல இது பொதருக்குள்ள ராத்திரியில மட்டும் வந்து பூச்சி தின்னுட்டுப் போவுமாம்.

அவங்கம்மாகிட்ட வேற மாதிரி சொன்னா. 'நம்ம செவலப் பசு கன்னு போட்டப்ப இளங்கொடி விழுந்துச்சுல்லம்மா, அந்தக் கொடி மாட்டுக்கும் உண்டு, ஆட்டுக்கும் உண்டு, எலிக்கும் உண்டு, வவ்வாலுக்கும் உண்டு, ஒனக்கும் எனக்கும் உண்டு. அது வழியாத்தானே வயித்துப் புள்ள சோறு தின்னுது? அப்புடிக் கொடியோட புள்ள சொமக்குற சாதிக்கெல்லாம் மூதாதை எதுன்னு தேடுறோம். கொடி மண்ணுல நிக்காது, மக்கிப்புடும். பல்லுதான் நிக்கும். இந்தப் பல்லு அந்த வகையறாவா இருக்கலாம்'ன்னா.

எங்க வீட்டம்மா, 'அப்ப இந்த எலி எனக்குப் பாட்டியாடி?'ன்னா.

'நேர் பாட்டின்னு சொல்ல முடியாதும்மா. பங்காளி வீட்டுக் கெழவின்னு வச்சுக்க. அதுகூட உறுதி இல்ல. ஒரு பல்ல வச்சு ஒலகம் ஒத்துக்காது. இன்னொண்ணாவது கெடைக்கணும், அதே எடத்துல, அதே அடுக்குல'ன்னா.

அடுக்குன்னா என்னான்னா, நீங்க வீட்டுல பழைய பேப்பர் அடுக்குவீங்கல்ல, அடியில இருக்கறது பழசு, மேல இருக்கறது புதுசு, அந்த மாதிரி. ஓடைக்கரைய வெட்டுனா மேல ஒரு பச்சக் களி, நடுவுல செவப்பு, அதுக்கும் கீழ இன்னொரு பச்சக் களி. ரெண்டு பச்சையும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். ஆனா பல்லு கீழ்ப் பச்சையில இருந்து வந்தது. 'எந்தக் காலத்துதுன்னு பல்லு சொல்லாதுப்பா, அது கெடந்த மண்ணுதான் சொல்லும்'ன்னா. கேட்டுக்கிட்டேன். காதுலதான் கேட்டுக்கிட்டேன்.

அவ அவ்வளவு சந்தோசமா இருந்தா. எனக்குத்தான் உள்ளுக்குள்ள சப்புன்னு போச்சு. சொல்றேன், மறைக்கல. இத்தன வருசம் படிக்க வச்சு, கல்யாண வயசத் தள்ளிப் போட்டு, கடைசியில கேவுருத் தண்டி ஒரு பல்லா?

இதுல எம் மச்சான் ஒருத்தன் இருக்கான், பரஞ்சோதி. வீட்டம்மாவுக்குக் கூடப் பொறந்தவன். செங்கச் சூளை வச்சிருக்கான், ஜேசிபி வச்சிருக்கான், வாய் ஒண்ணு வச்சிருக்கான். வீட்டுக்கு வந்து பல்லப் பாத்துப்புட்டு, 'ஏ மாமா, மலையக் கெல்லி எலியப் புடிச்ச கதைன்னு சொல்லுவாங்க, ஒம் மவ நெசமாவே புடிச்சுட்டா! எலியக்கூட முழுசாப் புடிக்கல, பல்லத்தான் புடிச்சிருக்கா!'ன்னான். வளர்மதி சிரிச்சா. 'ஆமா மாமா, அதேதான்'ன்னா. அவளுக்கு ரோசமே வரல. எனக்கு வந்துச்சு. மொகத்த எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. போற எடமெல்லாம் அவன் இதச் சொல்லிச் சிரிப்பான்னு தெரியும். சிரிச்சான். டீக்கடையில என்னய, 'வாங்க எலி மாமா'ன்னான்.

அப்புறம் பங்குனியில எங்கூரு ஓடைக்காட்டு அய்யனாருக்குத் திருழா. நாந்தான் மைக்கு. கலை நிகழ்ச்சிக்கு முன்னாடி ஊருல படிச்ச புள்ளைங்களுக்கெல்லாம் துண்டு போடுறது வழக்கம். எம்மவ பேரு வந்துச்சு. பரஞ்சோதி மொத வரிசையில காலு மேல காலு போட்டு ஒக்காந்திருக்கான். ஒதட்டுல அந்தச் சிரிப்பு. தம்பி, மைக்கு கையில இருக்கறப்ப எனக்கு ஒரு மாதிரி ஏறிப்புடும். ரத்தமா என்னான்னு தெரியல. எடுத்துவுட்டேன்.

'பேரன்பு கொண்ட பெரியோர்களே, தாய்மார்களே! கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பூமியை ஆண்ட டைனோசர் என்னும் ராட்சச மிருகத்தின் முட்டையை, நமது ஓடைக்காட்டுச் சுடுகாட்டுக்குப் பின்புறம் ஓடைக்கரையில் கண்டெடுத்து, அமெரிக்காக்காரனையே அண்ணாந்து பாக்க வைத்த வீராங்கனை!'

விசிலு பறக்குது. கைத்தட்டு. பரஞ்சோதி காலக் கீழ எறக்கிட்டான். அதப் பாத்தேன் நான். அத மட்டுந்தான் பாத்தேன்.

வளர்மதி மேடைக்கி வந்தா. மூஞ்சி செவந்து போச்சு. எங்கிட்ட இருந்து மைக்க வாங்கி, 'எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா சொன்னதுல ஒரு திருத்தம். முட்டையெல்லாம் இல்ல. ஒரு பல்லு. இவ்ளோண்டு. டைனோசரோட பல்லும் இல்ல, எலி அளவுள்ள ஒரு பிராணியோடது'ன்னா. கையால காட்டுறா. பின்னாடி வரிசையில எவனோ, 'எலிப்பல்லுக்கா துண்டு?'ன்னு கத்துனான். கூட்டம் கொல்லுன்னு சிரிச்சிச்சு. பரஞ்சோதி காலு மறுபடி மேல ஏறுச்சு.

எம் பொண்ணப் பாத்து ஊரு சிரிக்கிது தம்பி. பெத்தவன் பாத்துக்கிட்டு நிப்பனா? மைக்கப் புடுங்குனேன். 'தாய்மார்களே, பொண்ணுக்குக் கூச்சம்! மேலும் இது அரசாங்க ரகசியம், பொதுவுல சொல்லக் கூடாதுன்னு உத்தரவு, புரிஞ்சுக்குங்க!'ன்னு ஒரு போடு போட்டேன். சிரிப்பு கப்புன்னு நின்னுச்சு. எப்புடிச் சமாளிச்சேன் பாத்தீங்களா? அப்ப அப்புடித்தான் நெனச்சேன். எம் பொண்ணு மானத்தக் காப்பாத்திப்புட்டேன்னு நெனச்சேன். அவ எம் மொகத்தப் பாத்துக்கிட்டே நின்னா. துண்ட அங்கனயே நாற்காலியில வச்சுட்டு எறங்கிப் போயிட்டா.

தவள தன் வாயால கெடும்பாங்க. சும்மாவா சொன்னாங்க.

முட்ட இல்லன்னு அவ சொன்னதோட விட்டிருந்தா ஊரு சிரிச்சுட்டுப் போயிருக்கும். ரகசியம்னு சொன்னேன் பாருங்க, அதுல புடிச்சுக்கிட்டானுங்க. மறுநாளு விடிஞ்சதும் விடியாததுமா ஓடைக்கரையில கூட்டம். மம்புட்டி, கடப்பார, பொம்பளைங்க கூடயோட. எவனோ உருண்டையா ஒரு கல்ல எடுத்து மஞ்ச குங்குமம் வச்சுட்டான், ஒரு கெழவி அதுக்குச் சூடம் காட்டுது. பரஞ்சோதி ஜேசிபியக் கொண்டாந்து எறக்கிட்டான். கரை பூரா அவன் வாரி வாரிக் கொட்டுறான். மேல்பச்ச, செவப்பு, கீழ்ப்பச்ச, எல்லாம் ஒண்ணாக் கலந்து ஒரே குமிலு.

வளர்மதி செருப்புகூடப் போடாம ஓடுனா. பள்ளத்துக்குள்ள எறங்கி ஜேசிபி கை முன்னாடி நின்னா. 'மாமா, நிறுத்துங்க. இங்க முட்ட இல்ல, சத்தியமா இல்ல'ன்னு கையெடுத்துக் கும்புடுறா. பரஞ்சோதி என்னா சொன்னான் தெரியுமா? 'நீ சொல்ல மாட்டம்மா, ஒனக்கு உத்தரவு அப்புடி. ஒங்கப்பாவே மைக்குல சொல்லிட்டாரு'ன்னான்.

அவ திரும்பி என்னயப் பாத்தா. நான் கரை மேல நிக்கிறேன். எம் பக்கத்துலதான் வேனு. வேன் மேல கொழாய். திருழாவுக்குக் கட்டுனது, அவுக்கவே இல்ல. மேல ஏறி வந்தா. அழுவல. மெதுவாத்தான் சொன்னா.

'ப்பா. மைக்க எடு. முட்டன்னு சொன்னது பொய்யின்னு சொல்லு. ஒரு வார்த்த. நீ சொன்னா நம்புவாங்க. கீழ்ப்பச்சையில இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு, இப்பச் சொன்னாக்கூடப் போதும்.'

ஒரு வார்த்த.

மைக்கு அங்கதான் இருக்குது. கைய நீட்டுனா எட்டும். ஊரே நிக்கிது. பரஞ்சோதி ஜேசிபி மேல ஒக்காந்து என்னயவே பாக்குறான். நான்... 'பேட்டரி எறங்கிப் போச்சும்மா'ன்னேன்.

எறங்கல தம்பி. நல்லாத்தான் இருந்துச்சு பேட்டரி. அவளுக்கும் தெரியும். மைக்செட்டுக்காரன் மவ, அவளுக்குத் தெரியாதா? சின்னப் புள்ளையில பேட்டரிக்கித் தண்ணி ஊத்துனவளே அவதான்.

சரிப்பான்னுட்டு வீட்டுக்குப் போனா. பைய எடுத்தா. பஸ்ஸேறிட்டா. எங்க வீட்டம்மா, 'ஒன் வாயில கொள்ளிய வைக்க! பேசக்கூடாத எடத்துல பேசுற, பேசவேண்டிய எடத்துல வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?'ன்னு கேட்டா. கட்டிக்கிட்ட நாள்லேந்து என்னய வாங்க போங்கன்னு சொன்னவ. சாயங்காலத்துக்குள்ள கரையே இல்ல. முட்ட கெடைக்கலன்னு தெரிஞ்சதும் அவனவன் வீட்டுக்குப் போயிட்டான். பரஞ்சோதி மட்டும், களி நல்லா இருக்குன்னு சூளைக்கி ரெண்டு நடை ஓட்டிக்கிட்டான். அவனுக்கு நட்டமில்ல. செங்கலுக்குப் பச்சக் கல்லு அறுத்து அடுக்கியிருக்கான்.

அந்தக் கல்லுல போயிருக்கும் தம்பி. இன்னொரு பல்லு இருந்திருந்தா, எவன் வீட்டுச் செவுத்துக்கோ போவும் இனி.

அன்னியிலேந்து எம் போன அவ எடுக்கறதில்ல. அவங்கம்மாகிட்டப் பேசுறா. ஸ்பீக்கர்ல போடச் சொல்லிப் பக்கத்துல ஒக்காந்து கேப்பேன். இன்னொரு பல்லு இல்லாம எழுதுனா ஒலகத்துல ஏத்துக்க மாட்டாங்களாம். அவ பேராசிரியரு வேற எடம் பாரும்மான்னுட்டாராம். மொதல்லேந்து ஆரம்பிக்கணும். 'போகட்டும்மா'ங்குறா. அந்தப் போகட்டுங்கிற சொல்லு இருக்கே, அத என்னால கேக்க முடியல. அதுக்கு என்னய நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

அதான் நேத்து விடியக்காத்தால அந்தக் குமிலுல போயி, கையால கெளறி, பச்சக் கட்டியாப் பாத்துப் பாத்துப் பொறுக்கி இந்தச் சாக்குல போட்டேன். செவப்புப் பட்டதயெல்லாம் வழிச்சுட்டேன். ஈரம் படாம பிளாஸ்டிக் தாளு சுத்தியிருக்கேன். இதக் கொண்டுபோயி காலேஜ் வாசல்ல வச்சன்னா, இந்தாம்மா கீழ்ப்பச்சைன்னு சொன்னன்னா, அவ கரைச்சுப் பாக்க மாட்டாளா? ஒரு பல்லு இருக்காதா இதுல? எனக்காவ ஒரு பல்லு இருக்கக் கூடாதா?

ஒரு ஒதவி பண்ணுங்க. ஒங்க போனக் கொஞ்சம்... எம் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டா. நான் நம்பரு சொல்றேன், நீங்களே போடுங்க. நீங்களே பேசுங்க. ஒங்கப்பா பஸ்ஸுல வந்துகிட்டு இருக்காரு, ஒனக்கு மண்ணு கொண்டாறாருன்னு மட்டும் சொல்லுங்க. கோவப்படுற புள்ள இல்ல, பயப்படாதீங்க.

அடிக்கிதா? எடுத்துட்டாளா? சொல்லுங்க, சொல்லுங்க.

என்னா சொல்றா?

எந்தப் பச்சைன்னு கேக்குறாளா? மேல்பச்சையா, கீழ்ப்பச்சையான்னா.

கீழ்ப்பச்சைன்னு சொல்லுங்க தம்பி. கீழ்ப்பச்சையேதான், நான் பாத்துப் பாத்து... இருங்க. சொல்லாதீங்க. சொல்லிட்டீங்களா? சொல்லலியே? இருங்க, கொஞ்சம் இருங்க.

இத நான் சொன்னா அவ நம்பிப்புடுவா. நம்பி, ட்ரம்முல போட்டுக் கரைச்சு, ஒவ்வொரு பொடியா ஒக்காந்து பாப்பா. கண்ணு நோவப் பாப்பா. அதுல ஒண்ணு கெடைச்சு, அதக் கீழ்ப்பச்சைன்னு எழுதி, ஒலகத்துக்கே சொல்லிப்புட்டான்னா...

போன எங்கிட்டக் குடுங்க. குடுங்க தம்பி, நானே பேசுறேன்.

மதி. அப்பாதாம்மா. வச்சுராத, வச்சுராத. எந்தப் பச்சைன்னு எனக்குத் தெரியாது. குமிலுலேந்து பொறுக்குனேன். தெரியாதும்மா. முட்டன்னு சொன்னதும் பொய்யி. ரகசியம்னு சொன்னதும் பொய்யி. பேட்டரி எறங்கிப் போச்சுன்னு சொன்னதும் பொய்யி. எம் மவ கண்டுபுடிச்சது கேவுருத் தண்டி ஒரு பல்லு, அது இருந்த கரைய நாந்தான் அழிச்சேன்...

என்னாம்மா? சத்தமாப் பேசுறனா? பஸ்ஸுலதாம்மா இருக்கேன். ஆமா, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. கண்டக்டருகூடப் பாக்குறாரு.

கேக்கட்டும்மா. எல்லாருக்கும் கேக்கட்டும்.